மெமரி கேப்ஸ்யூல் ரிவ்யூ: வயசானவங்களுக்கு வாங்கலாமா?

60 கேப்ஸ்யூல் உள்ள டப்பா, விலை 1,200 ரூபா சொச்சம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும். முன்பக்கம் மூளை படம் போட்டு அதுல மின்னல் அடிக்கிற மாதிரி டிசைன், கீழ "வயதானவர்களின் மூளை நரம்புகளைப் பாதுகாக்கும், நினைவாற்றலைப் பெருக்கும்"னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. என் தம்பி ஆன்லைன்ல பார்த்துட்டு அம்மாவுக்காக ஆர்டர் பண்ணி அனுப்பினான், ஒரு டப்பா முடிஞ்சு ரெண்டாவதும் பாதிக்கு மேல போயிடுச்சு. பிராண்ட் பேரு நான் எழுதப் போறதில்ல, ஏன்னா இதே கலவைய கொஞ்சம் முன்ன பின்ன மாத்தி நிறைய கம்பெனி விக்கிறாங்க, உங்க வீட்ல இருக்குற டப்பாவ திருப்பிப் பார்த்தீங்கன்னா கிட்டத்தட்ட இதே லிஸ்ட் தான் இருக்கும்: ஜின்கோங்குற மரத்தோட இலைச் சாறு, பிரம்மி, வல்லாரை, மஞ்சள் சாறு, மிளகுச் சாறு, ஆளி விதை, கூடவே கொஞ்சம் பி12, ஃபோலிக் ஆசிட். அதனால இத ஒரு கம்பெனியப் பத்தின ரிவ்யூவா பாக்காம, இந்த வகை கேப்ஸ்யூல் மொத்தத்துக்குமான ரிவ்யூவா படிங்க.

எங்க அம்மாவுக்கு 73 வயசு, ரிட்டயர்டு டீச்சர், திருச்சில இருக்கோம். சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, மெட்ஃபார்மின் போடுறாங்க, ஹார்ட்டுக்காக ரத்தம் கட்டாம இருக்க எக்கோஸ்ப்ரின் (ஆஸ்பிரின்), கேஸ் தொந்தரவுக்கு காலைல வெறும் வயித்துல பேன்டோப்ரசோல். இந்த மூணு மாத்திரை பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி மூணுமே வரும். ஒரு வருஷமா அம்மாவுக்கு மறதி அதிகமாயிடுச்சு, குழம்புல உப்பு போட்டோமா இல்லையான்னு நின்னு யோசிக்கிறது, சொன்னதையே அரை மணி நேரத்துல திரும்ப சொல்றது, நாற்பது வருஷமா பக்கத்து வீட்ல இருக்குறவங்க பேரு சட்டுன்னு வராம தவிக்கிறது. பாக்குற புள்ளைங்களுக்கு பயம் வராம எப்படி இருக்கும். 2023ல வந்த ஒரு பெரிய சர்வே கணக்குப்படி இந்தியால 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியாங்குற மறதி நோய், கிட்டத்தட்ட 88 லட்சம் பேரு. இந்தப் பயத்த நம்பித்தான் இந்த டப்பா விக்குது, அதுக்காகவாவது பொறுமையா ஒவ்வொண்ணா பார்க்கணும்னு எனக்குத் தோணுச்சு.

முதல்ல லேபிள். பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்துல "ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட் 350 மி.கி."ன்னு, அதாவது கம்பெனியோட சொந்தக் கலவைன்னு போட்டு அதுக்குள்ள ஆறு பொருள் பேரு வரிசையா இருக்கு, எது எவ்வளவுன்னு இல்ல. கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணி ஜின்கோ எத்தன மில்லிகிராம், பிரம்மி எத்தன மில்லிகிராம்னு கேட்டேன், அது கம்பெனி ஃபார்முலா மேடம் வெளில சொல்ல முடியாதுன்னுட்டாங்க. சரி நாமளே கணக்கு போடுவோம். வெளிநாட்டு ஆராய்ச்சிகள்ல பிரம்மி வழக்கமா நாளைக்கு 300 மி.கி. கொடுத்துப் பார்த்திருக்காங்க, ஜின்கோ 240, மஞ்சள்ல இருக்குற குர்க்குமின் ஒரு ஸ்பெஷல் வடிவத்துல 180. இந்த மூணுக்கே 720 ஆச்சு. நம்ம டப்பால ரெண்டு கேப்ஸ்யூல் சேர்த்தா ஆறு பொருளுக்கும் மொத்தமே 700. அப்ப ஆராய்ச்சில கொடுத்த அளவு எல்லாமே இதுக்குள்ள இருக்க வாய்ப்பே இல்ல, ஆனா விளம்பரத்துல மட்டும் "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்ட மூலிகைகள்". இதுல எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கல, வயசானவங்க பென்ஷன் காசுல வாங்குற பொருள் இது.

இன்னொண்ணும் பின்னாடி இருக்கு, "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல"ங்குற வரி. எஃப்எஸ்எஸ்ஏஐங்குற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட ரூல்ஸ் படி ஹெல்த் சப்ளிமென்ட்னு விக்கிற எதுலயும் இத கட்டாயம் போடணும். அதாவது முன்பக்கம் நரம்பைப் பாதுகாக்கும்னு சொல்றாங்க, பின்பக்கம் இது மருந்தே இல்லைன்னு சட்டப்படி ஒத்துக்குறாங்க. வாங்குறவங்க முக்கால்வாசி பேரு பின்பக்கம் படிக்கிறதில்ல, படிக்க கண்ணாடி போதாது.

இப்ப உள்ள இருக்குற சரக்குக்கு வருவோம். ஜின்கோவ சீக்கிரம் முடிச்சுடலாம், ஏன்னா அதுக்கு பதில் எப்பவோ கிடைச்சாச்சு. அமெரிக்கால 75 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 3,069 பேர எடுத்து, பாதிப் பேருக்கு நாளைக்கு ரெண்டு வேளை 120 மி.கி. ஜின்கோவும் மீதிப் பேருக்கு டம்மி மாத்திரையும் ஏறக்குறைய 6 வருஷம் கொடுத்துப் பார்த்தாங்க, 2008ல ரிசல்ட் வந்துச்சு, டிமென்ஷியா வர்றத அது குறைக்கல. அவ்வளவு பெரிய சோதனைல ஒண்ணும் தெரியாத ஒரு பொருள இன்னும் லிஸ்ட்ல முதல்ல போட்டு விக்கிறாங்க. அதவிட முக்கியம், ஜின்கோ ரத்தம் உறையறத கொஞ்சம் தடுக்கலாம், எக்கோஸ்ப்ரின் மாதிரி மாத்திரை போடுறவங்க சேர்த்து எடுத்தா ரத்தக் கசிவு ரிஸ்க் இருக்கு. எங்க அம்மா எக்கோஸ்ப்ரின் போடுறாங்க. டப்பால இதப்பத்தி ஒரு எச்சரிக்கை கூட கிடையாது, "மருத்துவரின் ஆலோசனைப்படி"ன்னு பொதுவா ஒரு வரி, அவ்வளவுதான்.

மஞ்சள் விஷயத்துக்கு நான் கொஞ்சம் நிதானமா வரணும், ஏன்னா இது நம்ம வீட்டுப் பொருள், நம்ம ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடே கொடுத்திருக்காங்க, மஞ்சள்னு சொன்னாலே நமக்கு நம்பிக்கை தானா வந்துடும். மஞ்சத்தூள்ல குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் தனியா சாப்பிட்டா உடம்புல சேரவே சேராது, குடல்லயும் கல்லீரல்லயும் உடனே மாத்தி வெளிய தள்ளிடும். 1998ல பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல ஒரு சோதனை பண்ணாங்க, 2 கிராம் குர்க்குமின தனியா கொடுத்தப்ப ரத்தத்துல கண்டுபிடிக்கவே கஷ்டமா இருந்துச்சாம், அதே அளவோட மிளகுல இருக்குற பைப்பரின் 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தப்ப 2000 சதவீதம் அதிகமா உடம்புல சேர்ந்துச்சு. இந்த ஒரு ஆராய்ச்சிய வச்சுத்தான் உலகம் பூரா மஞ்சள் மாத்திரைல மிளகு சேர்க்குறாங்க, நம்ம டப்பாலயும் அதனாலதான் மிளகுச் சாறு.

சரி, சேர்ந்த குர்க்குமின் மூளைக்கு என்ன செய்யுது? 2018ல கலிபோர்னியால யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துல 40 பேர வச்சு 18 மாசம் சோதிச்சுப் பார்த்ததுல ஞாபக டெஸ்ட்ல நல்ல முன்னேற்றம் தெரிஞ்சுது, எல்லா விளம்பரத்துலயும் வர்ற ஆராய்ச்சி இதுதான். ஆனா 40 பேருங்குறது ரொம்ப சின்ன கூட்டம், அவங்க கொடுத்ததும் உடம்புல சேர்றதுக்காகவே தனியா தயாரிச்ச ஒரு வகை, சும்மா மஞ்சள் சாறு இல்ல. அதே யூசிஎல்ஏல 2012ல டிமென்ஷியால ஒரு வகையான அல்சைமர் ஏற்கனவே வந்த 36 பேர வச்சு சோதிச்சுப் பார்த்தாங்க, பலன் ஒண்ணும் தெரியல. இந்த ரெண்டாவது ஆராய்ச்சிய எந்த விளம்பரத்துலயும் நான் பார்த்ததில்ல.

மிளகு சேர்க்குறதுல ஒரு சிக்கல் இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. பைப்பரின் என்ன பண்ணுதுன்னா, உடம்பு ஒரு பொருள உடைச்சு வெளிய தள்ளுற வேலையையே மெதுவாக்குது. அப்ப குர்க்குமின் மட்டும் தங்காது, கூட சாப்பிடுற மருந்தும் தங்கும். வலிப்புக்குக் கொடுக்குற ஃபெனிட்டோயின், பிபி மாத்திரை ப்ரோப்ரனலால் இதெல்லாம் பைப்பரினோட சேர்ந்தா ரத்தத்துல அளவு கூடுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. ரசத்துல போடுற மிளகப் பத்தி நான் பேசல, தினமும் செறிவான சாறா உள்ள போறதப் பத்திப் பேசுறேன். நாலஞ்சு மாத்திரை போடுற 70 வயசுக்காரங்களுக்கு இது சின்ன விஷயமா?

கல்லீரல் பிரச்சனையும் இருக்கு. இத்தாலில 2019ல மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டவங்களுக்கு தொடர்ந்து ஹெபடைட்டிஸ் மாதிரி வந்ததால அரசாங்கமே லேபிள்ல எச்சரிக்கை போடச் சொல்லிடுச்சு. அமெரிக்கால 2022ல வந்த ஒரு ரிப்போர்ட்ல மஞ்சள் சப்ளிமென்ட்டால கல்லீரல் கெட்ட 10 பேரப் பத்தி எழுதிருக்காங்க, அதுல ஒருத்தர் இறந்துட்டாங்க. லட்சக்கணக்கான பேரு சாப்பிடுறதுல இது அபூர்வம்தான், நான் பயமுறுத்தல, ஆனா "இயற்கையானது, பக்க விளைவு அற்றது"ன்னு டப்பால அச்சடிக்கிறது பொய். எங்க அம்மாவுக்கு வந்தது அவ்வளவு பெருசு இல்ல, நெஞ்செரிச்சலும் மிளகு வாடை ஏப்பமும்தான், அதுக்கே அவங்க ராத்திரி கேப்ஸ்யூல போட மாட்டேன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

சமையல்ல போடுற மஞ்சள தாராளமா போடுங்க, அதுல எந்த மாத்தமும் வேணாம். ஒரே ஒரு விஷயம், பளிச்சுன்னு கலரா இருக்குற லூஸ் மஞ்சத்தூள வாங்காதீங்க. பங்களாதேஷ்ல மஞ்சளுக்கு கலர் ஏத்த லெட் குரோமேட்ங்குற ஈயச் சாயம் கலந்தத 2019ல ஆராய்ச்சி பண்ணி வெளிய கொண்டு வந்தாங்க, ஈயம் மூளைக்கு நேரடி விஷம். நாங்க விரலி மஞ்சள் வாங்கி காய வச்சு மில்லுல அரைச்சுக்கிறோம்.

பிரம்மிக்கும் வல்லாரைக்கும் வருவோம். டப்பால "பிரம்மி"ன்னு மட்டும் போட்டிருந்தா அதுக்குக் கீழ செடியோட அறிவியல் பேரு என்னன்னு பாருங்க, பகோபா மொன்னியேரின்னா நீர்ப்பிரமி, சென்டெல்லா ஆசியாட்டிகான்னா வல்லாரை, ரெண்டும் வேற வேற செடி, ஆராய்ச்சியும் வேற வேற. இந்த ரெண்டுல நீர்ப்பிரமிக்குத்தான் ஆதாரம் கொஞ்சம் பரவால்ல. 2008ல அமெரிக்கால ஒரேகான்ல 65 வயசுக்கு மேல உள்ள 54 பேருக்கு 12 வாரம் 300 மி.கி. கொடுத்ததுல, படிச்ச வார்த்தைகள கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப சொல்ற டெஸ்ட்ல டம்மி மாத்திரை கூட்டத்த விட நல்லா பண்ணாங்க. 2010ல ஆஸ்திரேலியால 55 வயசுக்கு மேல உள்ள 98 பேரு கிட்ட பண்ணதுலயும் ஞாபகத்துல முன்னேற்றம் தெரிஞ்சுது, கூடவே வயித்துப்போக்கு, வயித்துப் பிடிப்பு, குமட்டலும் வந்துச்சு. இதெல்லாம் சின்ன ஆராய்ச்சிங்க, டிமென்ஷியா வராம தடுக்குமான்னு யாரும் வருஷக்கணக்கா பார்க்கல. வல்லாரைக்கு 2017ல தாய்லாந்துக்காரங்க அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சியெல்லாம் சேர்த்து அலசினாங்க, யோசிக்கிற திறன்ல டம்மி மாத்திரைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலன்னு முடிச்சாங்க. எனக்கு இது வருத்தமாத்தான் இருந்துச்சு, பரீட்சை வந்தா வல்லாரை மிட்டாய் வாங்கித் தந்த வீட்ல வளர்ந்தவ நான். கீரையா சாப்பிட வல்லாரை நல்ல கீரை, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல, ஆனா அத 50 மில்லிகிராமோ என்னமோ கேப்ஸ்யூல்ல அடைச்சு மூளை மருந்துன்னு விக்கிறதுக்கு ஆதாரம் இல்ல.

ஆளி விதை ஒமேகா-3க்காக போட்டிருக்காங்க. மூளைக்கு வேண்டியது டிஹெச்ஏங்குற வகை, அது மீன்ல இருக்கு, மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன்ல நிறைய. ஆளி விதைல இருக்குறது வேற வகை, உடம்பு அத டிஹெச்ஏவா மாத்துறது ரொம்பக் கம்மி. சைவமா இருந்தா கடல்ல இருக்குற நுண்பாசில இருந்து எடுத்த டிஹெச்ஏ தனியா கிடைக்குது. ஆனா மாத்திரையா எடுத்தா பலன் வருமான்னா அதுலயும் ஏமாற்றம்தான், அமெரிக்கால சுமார் 4,000 வயசானவங்கள வச்சு 5 வருஷம் ஒமேகா-3 மாத்திரைய சோதிச்சுப் பார்த்து 2015ல சொன்னது, ஞாபகம் குறையற வேகத்துல வித்தியாசம் இல்லைன்னு. மீன் சாப்பிடுறவங்க வாரத்துக்கு ரெண்டு நாள் மத்தி குழம்பு வைங்க, அது போதும்.

இப்ப நான் சொல்ல நினைச்ச முக்கியமான விஷயம், பி12. இந்த டப்பால ஒரு கேப்ஸ்யூலுக்கு 1 மைக்ரோகிராம் பி12 இருக்கு. அம்மாவோட சுகர் டாக்டர்கிட்ட மறதியப் பத்தி சொன்னப்ப அவரு முதல்ல கேட்டது என்ன மாத்திரை போடுறீங்கன்னு, அடுத்து பி12 டெஸ்ட் எழுதினாரு, கூடவே தைராய்டும். பி12 நார்மலுக்கு ரொம்பக் கீழ இருந்துச்சு. அவரு விளக்கினது இதுதான், மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டா பி12 உடம்புல சேர்றது குறையும், பிரிட்டன்ல மருந்து கட்டுப்பாட்டுத் துறையே 2022ல இத அடிக்கடி வர்ற பக்க விளைவுன்னு அறிவிச்சு அறிகுறி இருந்தா டெஸ்ட் பண்ணச் சொல்லிருக்கு. பேன்டோப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை வயித்துல ஆசிட்ட குறைக்குது, சாப்பாட்டுல இருக்குற பி12 பிரிஞ்சு வர்றதுக்கு அந்த ஆசிட் வேணும். வயசானா ஆசிட் தானாவே குறையும். இதுக்கு மேல எங்க அம்மா ஒரு வேண்டுதலுக்காக அசைவத்த விட்டு வருஷம் ஆச்சு, செடி கொடில பி12 கிடையாது, பால் தயிர்ல இருந்து வர்றதுதான். நாலு பக்கமும் அடைபட்டா எங்க இருந்து வரும்?

பி12 குறைஞ்சா மறதி, குழப்பம், மனசு சோர்வு, கால் மதமதப்பு எல்லாம் வரும், பார்க்க டிமென்ஷியா மாதிரியே இருக்கும், ஆனா சீக்கிரம் கண்டுபிடிச்சா சரி பண்ணலாம். அதனாலதான் மறதின்னு போனாலே டாக்டருங்க முதல்ல இத பாக்குறாங்க. அம்மாவுக்கு முதல்ல ஊசி போட்டாங்க, அப்புறம் பி12ஓட ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம் மாத்திரை. 1500 எங்க, டப்பால இருக்குற 1 எங்க. ரெண்டு மூணு மாசத்துல கால் மதமதப்பு நல்லா குறைஞ்சுது, மதியானம் எல்லாம் சுருண்டு படுக்குறது போச்சு, பேச்சுலயும் ஒரு தெளிவு வந்திருக்கு, பேரு மறக்குறது இன்னும் கொஞ்சம் இருக்கு. பழையபடி எல்லாம் ஆயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா குறுக்கெழுத்து போட திரும்ப பேப்பர கேக்குறாங்க.

இன்னொரு ஆபத்தும் இதுல இருக்கு. டப்பால ஃபோலிக் ஆசிட் இருக்குன்னு சொன்னேன்ல, பி12 குறைவா இருக்குறப்ப ஃபோலிக் ஆசிட் மட்டும் நிறைய போனா ரத்தசோகை சரியானா மாதிரி ரிப்போர்ட் காட்டும், உள்ள நரம்பு கெட்டுக்கிட்டே போகும். டெஸ்ட் பண்ணாம இப்படி கலவை மாத்திரை சாப்பிட வேணாம்னு சொல்றது இதுக்காகத்தான். பி12, ஃபோலிக் ஆசிட், பி6 மூணையும் சரியான அளவுல கொடுத்தா என்ன ஆகும்னு ஆக்ஸ்ஃபோர்டுல பார்த்திருக்காங்க, 2010ல வந்த ரிசல்ட், லேசான மறதி இருந்த 70 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு 2 வருஷம் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததுல மூளை சுருங்குற வேகம் சராசரியா 30 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, பி12, ஃபோலேட் குறைஞ்சா ரத்தத்துல ஏறுற ஹோமோசிஸ்டீன் அதிகமா இருந்தவங்களுக்கு இன்னும் நல்ல பலன். அதாவது குறை இருக்குறவங்களுக்குத்தான் அது வேலை செய்யுது, குறை இருக்கான்னு தெரிஞ்சுக்க ரத்தப் பரிசோதனை வேணும். இந்த டெஸ்ட்டுக்கு ஆன செலவு ஒரு டப்பா விலைல பாதி கூட இல்ல.

சாதாரண மல்டிவைட்டமின் பத்தி ஒரு வார்த்தை. அமெரிக்கால கோகோ சாறும் மல்டிவைட்டமினும் வச்சு ஒரு பெரிய சோதனை நடந்துச்சு, 65 வயசுக்கு மேல உள்ள 2,262 பேரு, 3 வருஷம், 2022ல ரிசல்ட். விளம்பரமா பேசப்பட்ட கோகோ சாறு ஒண்ணும் பண்ணல, யாரும் கண்டுக்காத மல்டிவைட்டமின் எடுத்தவங்க டெஸ்ட்ல கொஞ்சம் மேல வந்தாங்க, அதே திட்டத்துல 2023ல வந்த இன்னொரு ரிசல்ட்டும் ஞாபகத்துல அதே மாதிரிதான் காட்டுச்சு. சின்ன பலன்தான், ஆனா மூலிகை கலவைய விட விலை கம்மியான இதுக்கு ஆதாரம் அதிகம்.

அப்ப சாப்பாட்டுல எது நல்லது? எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி சிகாகோல இருந்து வந்தது. சராசரி 81 வயசு உள்ள 960 பேரோட சாப்பாட்டையும் ஞாபகத்தையும் 5 வருஷம் கிட்ட கவனிச்சு 2018ல வெளியிட்டாங்க. தினமும் ஒரு வேளைக்கு மேல கீரை சாப்பிட்டவங்களுக்கும் கீரைய தொடாத, எப்பவாவது மட்டும் தொட்ட ஆளுங்களுக்கும் மறதி வேகத்துல இருந்த வித்தியாசம் 11 வயசு வித்தியாசத்துக்குச் சமம். கீரைல இருக்குற வைட்டமின் கே1, லூட்டின், ஃபோலேட், நைட்ரேட் இதெல்லாம் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. கீரை சாப்பிடுறவங்க மத்த விஷயத்துலயும் உடம்ப நல்லா பார்த்துக்குறவங்களா இருக்கலாம், அதையும் கணக்குல எடுக்கணும். அதே சிகாகோ குழு வகுத்த, கீரை, பெர்ரி, நட்ஸ் எல்லாம் உள்ள மைண்ட் டயட்ட 604 பேர வச்சு 3 வருஷம் சோதிச்சுப் பார்த்து 2023ல ரிசல்ட் சொன்னப்ப, சாதாரணமா கலோரி குறைச்ச கூட்டத்துக்கும் அவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டு கூட்டமும் முன்ன விட நல்லா பண்ணாங்க. சாப்பாட்டோட பலன் 3 வருஷத்துல தெரியுற சமாச்சாரமான்னு எனக்கு சந்தேகம்தான். எப்படி பார்த்தாலும் கீரையால நஷ்டம் இல்ல, சுகர், பிபி, மலச்சிக்கல் எல்லாத்துக்கும் நல்லது, கட்டு இருபது ரூபாய்க்குள்ள கிடைக்குது.

நாங்க தென்னூர் உழவர் சந்தைல வாங்குறோம். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை, சிறுகீரைன்னு மாத்தி மாத்தி. கீரை விக்கிற அக்கா வல்லாரை வந்தா எடுத்து வச்சுடுவாங்க, "டீச்சரம்மாவுக்கு குடுங்க, காம்போட அரைக்காதீங்க நார் நாரா வரும்"னு சொல்லித்தான் தருவாங்க. வேர்ல சேறு அப்பிக்கிட்டு வரும், நாலு தண்ணி மாத்தி அலசணும், இலைய மட்டும் கிள்ளி ரெண்டு கைப்பிடி எடுத்து, நல்லெண்ணெய்ல உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கொஞ்சம் புளி வறுத்துட்டு கடைசில இலைய போட்டு சுருளுற வரைக்கும் மட்டும் வதக்கி, தேங்காய் ரெண்டு சில்லு வச்சு கெட்டியா அரைச்சா துவையல். லேசா கசக்கும், சூடான சாதத்துல இன்னும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசைஞ்சா கசப்பு தெரியாது. எண்ணெய் ருசிக்கு மட்டும் இல்ல, லூட்டினும் வைட்டமின் கேவும் கொழுப்போட சேர்ந்தாதான் உடம்புல ஏறும், அதனால வயசானவங்களுக்கு எண்ணெயே இல்லாம வேக வச்ச கீரைய கொடுக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை இதுக்கும் உண்டு. அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க கீரைய திடீர்னு அதிகமாக்கக் கூடாது, கீரைல இருக்குற வைட்டமின் கே அந்த மருந்தோட வேலையக் கெடுக்கும், தினமும் ஒரே அளவா சாப்பிடணும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு செய்யணும். கிட்னி பிரச்சனை உள்ளவங்களும் பொட்டாசியம் விஷயமா கேட்டுக்கணும்.

மறதிய சாப்பாட்டோட மட்டும் கட்டிப் போடுறதும் சரி இல்ல. 2024ல லான்செட்ங்குற மருத்துவ இதழோட ஆய்வுக் குழு சொன்னது, நாம மாத்திக்கக்கூடிய 14 காரணங்கள சரி பண்ணா டிமென்ஷியால 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியலாம்னு. அந்த லிஸ்ட்ல காது கேக்காம போறது, கண் பார்வை குறையறது, பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் இருக்கு, எந்த கேப்ஸ்யூலும் இல்ல. காது மிஷின் வாங்க யோசிக்கிற வீட்ல மாசாமாசம் மெமரி கேப்ஸ்யூல் வாங்குறத நான் என் கண்ணால பாக்குறேன், மனசு கஷ்டமா இருக்கு. அந்தக் காச காதுக்குக் கொடுங்க.

ரேட்டிங்: இந்த கேப்ஸ்யூலுக்கு 5க்கு 1. அந்த ஒண்ணும் பேக்கிங் நல்லா இருந்ததுக்கும் டெலிவரி சொன்ன நாள்ல வந்ததுக்கும்தான். அளவ மறைக்கிறாங்க, இருக்குற மருந்தோட மோதும்னு சொல்றதில்ல, நிஜமா குறை இருந்தா அத தீர்க்குற அளவு பி12 இல்ல, நல்லதே நடக்குதுன்னு நம்பி டாக்டர்கிட்ட போறத தள்ளிப் போட வைக்குது. கடைசியா சொன்னதுதான் பெரிய நஷ்டம். அம்மாவுக்கு நிறுத்தியாச்சு, நெஞ்செரிச்சலும் நின்னுடுச்சு.

ஏற்கனவே வாங்கி சாப்பிட்டுக்கிட்டு இருக்குறவங்க டப்பாவ அப்படியே எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, ரெகுலரா போடுற மாத்திரை சீட்டையும் கூட வைங்க, பி12, தைராய்டு ரெண்டும் பார்த்திருக்கான்னு கேளுங்க. கண் ஆபரேஷன், பல்லு புடுங்குறது, எந்த சர்ஜரியா இருந்தாலும் ஜின்கோ உள்ள கேப்ஸ்யூல் சாப்பிடுறாங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. கண்ணு மஞ்சளாகுறது, சிறுநீர் அடர் நிறமா போறது, சாப்பாடு பிடிக்காம போறதுன்னு தெரிஞ்சா கேப்ஸ்யூல அன்னைக்கே நிறுத்திட்டு கல்லீரல் டெஸ்ட் எடுத்துடுங்க. வழி தெரியாம போறது, பணம் எண்ணத் தெரியாம போறது, பழகின சமையல் மறந்து போறதெல்லாம் வந்தா இந்த ரிவ்யூ எல்லாம் படிச்சுக்கிட்டு இருக்காம நரம்பியல் டாக்டர்கிட்ட நேரா கூட்டிட்டுப் போயிடுங்க.